எந்த மாதிரி, பிள்ளை?

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வெளிக்கிட்டோம். கம்பஸில் ஒரு போட்டி. பத்து நிமிசத்துக்குள் இருக்கவேணும், அதுதான் நிபந்தனை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் ஒரு நாள், இதுதான் கதை. இப்ப எழுதேக்க கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கட பக்கம் குறும்படம் எடுக்க வெளிக்கிடுகிற எத்தனையோ பேர் முதலில் கையில் எடுக்கிற கதை இது.

தாயாக நடிக்க எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவைக் கேட்டோம். அவவுக்கு நடிச்சுப் பழக்கமில்லை. ஆனால் அவவின் மகன் 2009 இலிருந்து இல்லை. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டோம். அனுபவிச்ச ஆள் எண்டால் தன்பாட்டில் வரும் என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

விறாந்தையில் இருந்து சுளகில் அரிசிக்குக் கல்லுப் பொறுக்கவேணும். பிறகு சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து அழவேணும். ஏழு டேக் போனது. அழுகை வரவில்லை.

"பெரியம்மா, அண்ணாவை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ."

"நினைச்சுக்கொண்டுதானே மோனை இருக்கிறன்."

எட்டாவது டேக்குக்கு முன்னம் பற்றரி மாற்றினோம். போகஸ் பார்க்கிறதுக்காகக் கமராவை ஓடவிட்டிருந்தோம். அந்த நேரம் ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து படலையடியில் வேகத்தைக் குறைத்தது. பெரியம்மாவின் கை அரிசிக்குள் நின்றது. தலை நிமிரவில்லை, கண் திரும்பவில்லை, கை மட்டும்தான் நின்றது. மோட்டார் சைக்கிள் அடுத்த வீட்டுக்குப் போனது. கை திரும்பவும் அரிசியைக் கிளறத் தொடங்கியது. எல்லாம் சேர்த்து மூன்று செக்கன் இருக்கும்.

கமராவில் நின்றவன்தான் கண்டான். "பெரியம்மா, இப்ப செய்தனீங்களே, அதே மாதிரித் திரும்ப ஒருக்காச் செய்யுங்கோ."

"எந்த மாதிரி, பிள்ளை?"

அவவுக்குத் தான் ஏதோ செய்ததாகவே தெரியாது. நாங்கள் விளங்கப்படுத்தினோம். அவவும் பாவம், செய்து பார்த்தா. கை நின்றது, ஆனால் கண் கமராவுக்கு வந்து 'சரியோ' என்று கேட்டது. அடுத்த தரம் கையை அளவுக்கு மீறி நிற்பாட்டினா. அதற்கடுத்த தரம் ஒரு பெருமூச்சும் சேர்ந்தது. நாங்கள் திருத்தத் திருத்த அது கெட்டுக்கொண்டே போனது.

அன்றிரவு போர்டிங் ரூமில் விடியும்வரைக்கும் சண்டை. நல்ல நடிப்பு என்றால் என்ன என்று அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம். பதினைந்து கிலோ மெலிந்தால் நல்ல நடிப்பு. மொட்டை அடித்தால் நல்ல நடிப்பு. நெடுக அழுதால் மிக நல்ல நடிப்பு. எல்லாத்துக்கும் மேலே, தமிழில் விமர்சனம் எழுதுகிற எல்லாரிடமும் இருக்கிற அந்த ஒற்றைச் சொல்: 'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்.' நாங்களே எத்தனை தரம் அதை எழுதியிருக்கிறோம்.

பெரியம்மா வாழ்ந்துகொண்டுதான் இருந்தா. அந்த மூன்று செக்கனும் முழு உண்மை. ஆனால் இரண்டாம் தரம் செய்ய அவவால் முடியவில்லை. அப்ப வாழ்கிறது வேறை, நடிக்கிறது வேறை. நடிக்கிற ஆளுக்கு என்ன கூடுதலாகத் தெரியும்?

விடியப்புறமாக நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: ஒரு மனிசர் தன்னையறியாமல் செய்கிற காரியம் ஒன்று இருக்கும். அது அவருக்குத் தெரியாது. நடிகருக்கு அது தெரியவேணும். தெரிந்துகொண்டு, தெரியாத ஆளாக அதைச் செய்யவேணும். வெளிச்சம் மாறின பிறகும், கமராக் கோணம் மாறின பிறகும், பத்தாம் தரமும் முதல் தரம் போலச் செய்யவேணும். இதைச் செய்யக்கூடியவர்களைத்தான் நாங்கள் பெரிய நடிகர்கள் என்று சொல்கிறோம் போலை.

இதை வைத்துக்கொண்டு பார்த்த படங்களைத் திரும்பப் பார்த்தோம்.

முதலில் 'தீபன்'. ஜாக் ஓதியார் இயக்கி, 2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது எடுத்த படம். அதன் அரசியலைப் பற்றியும் கடைசிக் காட்சிகளைப் பற்றியும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை, அது வேறு கட்டுரை. இயக்கத்தில் இருந்த ஒருவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் ஒரு சிறுமியையும் தன் குடும்பம் என்று சொல்லி, செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் பிரான்ஸுக்குப் போகிறான். அவனாக நடித்தது எழுத்தாளர் ஷோபாசக்தி. படம் வந்த நேரம் எல்லாரும் சொன்னது, 'அவர் இயக்கத்தில் இருந்தவர், அகதியாகப் போனவர், அதுதான் அப்பிடிச் செய்திருக்கிறார்.' நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

இப்ப அது சரியாகப் படவில்லை. போரில் இருந்த எல்லாரும் அகதியாகப் போன எல்லாரும் கமராவுக்கு முன்னால் அதைச் செய்யமாட்டார்கள். ஒரு காட்சி. இருட்டு. தூரத்தில் நீலமும் சிவப்புமாக வெளிச்சங்கள் மினுங்கிக்கொண்டு வருகின்றன. கிட்ட வந்த பிறகுதான் தெரிகிறது, அது தலையில் மாட்டுகிற விளையாட்டுப் பொருள். பரிஸில் தெருவில் நின்று அதை விற்கிறான் தீபன். விற்கிற சாமானைத் தன் தலையிலேயே மாட்டியிருக்கிறான். அந்த முகத்தில் 'பாருங்கோ என்ர நிலைமையை' என்ற ஒன்று துளிகூட இல்லை. அவனுக்குச் சாமான் விற்கவேணும், அவ்வளவுதான். தன் தலை மினுங்குவது தனக்கே மறந்துபோன ஆளாக நிற்கிறான். பார்க்கிற எங்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. இன்னொரு காட்சியில் அகதி விண்ணப்பத்துக்காக, சொல்லிக்கொடுத்த கதையை ஒப்புவிக்கிறான். மொழிபெயர்க்க வந்த தமிழருக்கு அது பொய் என்று உடனே பிடிபட்டுவிடுகிறது. தீபன் ஒரு மோசமான நடிகன். அந்த மோசமான நடிகனாக நடிக்க, நடிப்பு நல்லாத் தெரிந்த ஒருவர் வேணும்.

அடுத்தது 'கொட்டுக்காளி' (2024). பி. எஸ். வினோத்ராஜின் படம். பின்னணி இசையே இல்லை. மீனா வேறு சாதிப் பெடியனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அவளைக் கட்ட இருக்கிற பாண்டியும் சொந்தக்காரரும் ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலுமாகச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மீனாவாக வருகிற அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்டக் கதைப்பதே இல்லை. கதைக்காமல் இருக்கிறது சுகமான வேலை என்று நினைக்கலாம். ஆனால் வழியில் காதில் விழுகிற ஒரு பாட்டை மீனா முணுமுணுக்கிற இடத்தைப் பாருங்கோ. அவள் யாரையும் எதிர்க்கவேணும் என்று முணுமுணுக்கவில்லை. தான் முணுமுணுக்கிறதே அவளுக்குத் தெரியாது. உடம்புக்குள் இன்னும் ஒரு சந்தோசம் மிச்சமிருக்கிறது, அது தன்பாட்டில் வெளியே வந்துவிட்டது. பாண்டி அதைக் காண்கிறான். அதற்குப் பிறகு விழுகிற அடியும் சத்தமும் ஏன் இவ்வளவு தாக்குகிறது என்றால், அவள் தான் செய்தது தெரியாமலே அடி வாங்குகிறாள். மீனாவுக்குத் தெரியாதது அன்னா பென்னுக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நடிப்பு இருக்கிறது. பாண்டியாக வரும் சூரியும் அப்படித்தான். தொண்டை கட்டி, குரல் கரகரத்து, தான் சரியானதைத்தான் செய்கிறேன் என்று முழுசாக நம்புகிற ஒரு ஆள். சூரி அவனை வில்லனாகக் காட்டவில்லை. பாண்டிக்குத் தான் வில்லன் என்று தெரியாதே.

இதுவரைக்கும் சொன்னதை வாசித்தால், அடக்கி வாசிச்சால்தான் நல்ல நடிப்பு என்று நாங்கள் சொல்கிற மாதிரி இருக்கும். எங்களில் ஒருவன் அன்றிரவு அப்படித்தான் பிடிவாதம் பிடித்தான். சிவாஜி எல்லாம் ஓவர் அக்டிங் என்றான். இது எங்கட வயதில் எல்லாரும் ஒருக்காச் சொல்கிற வசனம்.

அவனுக்கு 'முதல் மரியாதை' (1985) போட்டுக் காட்டினோம். 'பராசக்தி' (1952) நீதிமன்றத்தில் நின்று முழங்கின அதே மனிசர், ஐம்பதைத் தாண்டின வயதில் பாரதிராஜாவின் படத்தில் மலைச்சாமியாக வருகிறார். பரிசல் ஓட்டுகிற குயிலோடு கதைக்கேக்க அவருக்குள் என்னவோ நடக்கிறது. அது காதல் என்று ஊருக்குத் தெரிகிறது, எங்களுக்குத் தெரிகிறது. மலைச்சாமிக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த வயதில் பாரக்கல்லைத் தூக்கிப் பார்க்க அவர் வெளிக்கிடுகிறது ஏன் என்று அவரைக் கேட்டால் வேறு ஏதாவது காரணம் சொல்லுவார். சிவாஜிக்குச் சரியான காரணம் தெரியும்.

சத்தமான அழுகையும் பெரிய நடிப்பாகலாம். 'நாயகன்' (1987) படத்தில் மகனின் உடலைக் கண்டு வேலு நாயக்கர் அழுகிற அழுகையைக் கேட்டால், அது அழகான அழுகை இல்லை. மனிசர் தன் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று தெரியாமல் எழுப்புகிற சத்தம். கமல்ஹாசன் அந்தச் சத்தத்தை எங்கேயோ தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்கதான் எங்களில் ஒருத்திக்குத் தன் அம்மம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம். அந்தக் காலத்தில் விடிய விடிய இருந்து பார்த்த கதையை அம்மம்மா இப்பவும் சொல்லுவாவாம். சினிமா இல்லை, இசை நாடகம். கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடவேணும், குளோசப் கிடையாது. ஆனால் அந்தக் காட்சி என்ன? மயானம் காக்கிற அரிச்சந்திரன், பிள்ளையின் உடலோடு வந்த பெண்ணிடம் எரிக்கிறதுக்குரிய கூலியைக் கேட்கிறான். செத்துக் கிடக்கிறது தன் பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கிற சனம் முழுக்கத் தெரியும். பாடுகிற வைரமுத்துவுக்கும் தெரியும். அதே காட்சியை எத்தனையோ ஊரில், எத்தனையோ இரவு, தெரியாதவனாகவே நின்று கூலி கேட்டிருக்கிறார். நாங்கள் ஒரு இரவு முழுக்கச் சண்டை பிடித்துக் கண்டுபிடித்ததை அம்மம்மா கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்திருக்கிறா.

அடுத்த கிழமை எடிட்டிங். அந்த மூன்று செக்கன் எங்களிடம் இருந்தது. அதற்குப் பிறகு மகனின் படத்தை வைத்துப் பார்த்தோம்: துயரம். வெறும் படலையை வைத்துப் பார்த்தோம்: காத்திருப்பு. பகிடிக்கு ஒரு நாயின் ஷொட்டை வைத்துப் பார்த்தோம்: எரிச்சல். வகுப்பில் படித்த குலெஷோவ்தான். மொஸ்ஜூக்கின் என்ற நடிகரின் ஒரே முகத்தை ஒரு கோப்பை சூப்போடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினால், பார்க்கிறவர்கள் ஒவ்வொரு தரமும் வேறு வேறு உணர்ச்சியைக் காண்பார்கள் என்றது அந்தச் சோதனை. படிக்கேக்க அது சுவாரசியமாக இருந்தது. பெரியம்மாவின் கையை வைத்துச் செய்யேக்க எங்களுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அவவுக்குத் தெரியாத ஒன்றை எடுத்து, எங்களுக்கு விருப்பமான இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு முன்னால் போய் நின்ற கமராக்களை நாங்கள் பள்ளிக்கூட வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். ஆர் அழுகிறாரோ அவருக்குக் கிட்டப் போகும். எங்கட கமராவும் அதைத்தான் செய்தது, கொஞ்சம் ரசனையோடு.

லெப்டொப்பைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவுக்குக் காட்டினோம். அவ ஒன்றும் கதைக்காமல் பார்த்தா. திரும்பப் போடச் சொல்லி இன்னொருக்காப் பார்த்தா.

"இது நான் நடிச்சதில்லையே பிள்ளையள். இதை விடுங்கோ."

நாங்கள் சரி என்றோம். வேறை என்ன சொல்ல?

தேத்தண்ணி போட எழும்பினவ, குசினி வாசலில் நின்று கேட்டா, "உங்களுக்கு நான் நடிச்சுத்தானே வேணும்? கமராவைக் கொண்டு வாங்கோ."

அரிசிப் பானையடியில் இருந்தா. சுண்டால் ஒன்று, இரண்டு என்று அளந்து சட்டியில் போட்டா. பிறகு கையால் இன்னும் ஒரு பிடி அள்ளினா. கை சட்டிக்கு மேலே வந்தது. வந்த கை அப்படியே திரும்பிப் போய், அந்த ஒரு பிடியைப் பானைக்குள்ளேயே போட்டது. மூடியை மூடிவிட்டு, எழும்பி, அடுப்பைப் பார்த்தா. எங்களை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை.

போகஸ் பிழைத்துவிட்டது. பயந்து பயந்துதான் இன்னொரு தரம் கேட்டோம்.

அதே மாதிரிச் செய்தா.