எலுமிச்சையில் ரத்தம்

அக்டோபர் 31 வந்தால் அமெரிக்காவில் பூசணிக்காயில் பேய்முகம் செதுக்குவார்கள். சுடலைமாடன் ஊர்க்காரர்களான நமக்கு ஒரு எலுமிச்சை போதும்.

செம்பருத்தி இதழைக் கத்தியில் அழுத்தித் தேய்த்துக் காயவிட்டேன். எலுமிச்சையை அறுத்ததும் சாறு சிவப்பாக வடிந்தது. "ஏட்டி, ரத்தம்லா வருது!" என்று அக்காவைக் கூப்பிட்டான் சின்னவன். பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமி, புளிப்பு பட்டால் சிவக்கும். செய்வினை எடுக்கிறேன் என்று வருகிறவர்கள் இதைக் காட்டித்தான் காசு பார்த்தார்கள்.

அடுத்தது ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு, குருதிச் சிவப்பு. அதிலேயே எலுமிச்சை பிழிந்தால் மறுபடியும் மஞ்சள். (கத்தியும் சுண்ணாம்பும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.)

நம்ம திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. லீவுக்குப் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிட்டுப் போங்க மக்கா.