அன்று என் கையில் இருந்த குண்டு பல்பு



இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். தவறு என்னுடையது. ஆனாலும் நம்மில் பிக்கப் வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் பலர் இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

தங்கை மகன் காய்கறி ஏற்ற ஒரு சின்ன பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறான். மேடு ஏறும்போது இழுவை குறைகிறது, ஃபில்டரை மாற்றிப் பார்க்கலாம் என்று லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு வண்டிக்கு அடியில் படுத்தான். வெளிச்சத்துக்கு ஒயரில் தொங்கும் குண்டு பல்பைப் பிடித்துக்கொண்டு நான்.

"மாமா, பெட்ரோல் கொட்டுமா?"

"கொஞ்சம் சொட்டும். கட்டைவிரலால அடைச்சுக்கடா."

அம்பாசிடர் காலத்து அனுபவம்! கார்புரேட்டர் வண்டியில் குழாயைக் கழற்றினால் அவ்வளவுதான் வரும்.

இணைப்பு விட்டதும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. அவன் கண்ணில், சட்டையில், என் கை வரைக்கும். சைலன்சர் குழாய் இன்னும் சூடாக ஒரு முழம் தள்ளி இருந்தது. எரிகிற பல்பு என் கையில். தீப்பிடிக்காததற்கு எங்கள் சாமர்த்தியம் எதுவும் காரணமில்லை. கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவி, டாக்டரிடம் ஓடினோம். நான்கு நாளில் சரியாகிவிட்டது. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மறுநாள் வந்த மெக்கானிக் என்னிடம் படித்தவர். "சார், பாஸ்கல் விதி நீங்கதானே நடத்துனீங்க" என்று சிரித்தார். இன்ஜெக்ஷன் வண்டிகளில் குழாய்க்குள் பெட்ரோல் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் நிற்கிறது. கார் டயரில் இருப்பதைவிட அதிகம். சாவியை அணைத்தாலும் அழுத்தம் உடனே இறங்காது. அடுத்த முறை சட்டென்று ஸ்டார்ட் ஆவதற்காக பம்பில் உள்ள ஒருவழி வால்வு அதைப் பிடித்து வைத்திருக்கும்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். இரவெல்லாம் ஆறிய வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினார். டேங்க் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்றினார். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு அதுவே நின்றது. மறுபடி சில விநாடி செல்ஃப் அடித்தார். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். கண்ணாடி போட்டுக்கொண்டு, இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்தினார். வந்தது சில சொட்டுகள்தான். வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச். தீயணைப்பான் பக்கத்திலேயே இருந்தது.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இந்த ஃபியூஸ் முறை உங்களுக்கு அல்ல. காமன் ரெயில் டீசல் வண்டியில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். ஓடும் இன்ஜினில் அந்தக் குழாயைத் தளர்த்தவோ, கசிவை விரலால் தடவிப் பார்க்கவோ கூடாது. டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும்; ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும். அந்த வேலையைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஃபில்டர் மாற்றியதும் வண்டி மேடு நன்றாக ஏறுகிறது. குண்டு பல்பையும் ஒயரையும் மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திருப்பித் தரமாட்டானாம்.