நிற்கும் காரும் ஓடும் சைக்கிளும்

ஒரு கடைத்தெருவின் அகலம் இருபுறத்துச் சுவர்களால் வரையறுக்கப்பட்டது. மக்கள் பெருகலாம், வண்டிகள் பெருகலாம். சுவர்கள் நகர்ந்து இடம் கொடுப்பதில்லை. ஆகவே அத்தெருவில் ஒருவருக்கு நான்கு முழம் இடம் தரவேண்டுமாயின், இன்னொருவரிடமிருந்து நான்கு முழம் எடுத்தாக வேண்டும். சைக்கிளில் செல்வோருக்குத் தனித்தடம் கேட்கும் போதெல்லாம் எழுகின்ற பூசலுக்கு வேர் இதுவே. அந்த நான்கு முழமும் பெரும்பாலும் சாலையோரத்தில் கார்கள் நிற்கும் இடத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் புளோர் என்றொரு நெடுந்தெரு உண்டு. 2018ஆம் ஆண்டுக் கோடையில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்றும் பொருட்டு அந்நகரில் ஆறு வாரம் தங்கினோம். மாலை வேளைகளில் அத்தெருவில் நடப்பது நமக்கு வழக்கமாயிற்று. பழக்கடை, புத்தகக்கடை, மருந்துக்கடை, சிற்றுண்டிச்சாலை என இருபுறமும் சிறு வணிகர்களே மிகுதி. தெருவை ஒட்டி 1966 முதல் நிலத்தடி இரயில் ஓடுகிறது.

நம் கண்ணில் முதலில் பட்டது அங்கிருந்த வரிசைமுறை. வழக்கமாக நடைபாதை, அதையடுத்து நிற்கும் கார், அதற்கும் வெளியே சைக்கிள், பிறகு ஓடும் கார் என்றிருக்கும். இம்முறையில் சைக்கிளில் செல்பவர் இரு ஆபத்துகளின் நடுவே செல்கிறார். நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறந்தால் போதும். அதில் மோதி ஓடும் வண்டியின் முன்னே விழுவார். புளோர் தெருவின் பல பகுதிகளில் இவ்வரிசையை மாற்றி அமைத்திருந்தனர். நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் தடம். அதற்கு வெளியே, கதவு திறக்கச் சிறிது இடைவெளி விட்டு, நிற்கும் கார். அதன் பின்னரே ஓடும் வண்டிகள். நேற்றுவரை சைக்கிள்காரருக்குப் பகையாயிருந்த அதே கார் இன்று அவருக்கு மதிலாக நின்றது! குருமடத்து நாட்களிலும், உதவிப் பங்குத்தந்தையாய்க் கிளைக்கிராமங்களுக்குச் சென்ற காலத்திலும் சைக்கிளே நமது வாகனம். எனவே நமது மனம் எப்பக்கம் சாயும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

ஆயினும் இம்மாற்றம் இலவசமாகக் கிடைத்ததன்று. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் நகரசபை 38க்கு 3 என்ற வாக்கில் இதனைச் சோதனை முயற்சியாக ஏற்றது. 2.4 கிலோமீட்டர் நீளத்தில் தடம் அமைந்தது. பெரும்பாலான இடங்களில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டுமே கார் நிறுத்த முடிந்ததால், பல கார்களுக்கான இடம் மறைந்தது. கார் நிற்க இடமில்லையெனில் வாடிக்கையாளர் வேறு கடைவீதிக்குப் போய்விடுவாரே என்று வணிகர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். மாத வாடகை கொடுத்துக் கடை நடத்துபவனுக்கு வாசலில் நிற்கும் கார் கண்ணுக்குத் தெரிகிறது. இரயிலில் வந்திறங்கி நடந்து வருபவர் எவ்வழி வந்தார் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் எண்ணிப் பார்ப்பது அவசியமாகிறது. அத்தெருவின் ஒரு பகுதியில் ஆய்வு செய்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, அங்கு வருவோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே காரில் வருவதாகக் கண்டது. மற்றவர்கள் நடந்தும், இரயிலிலும், சைக்கிளிலும் வந்தனர். சோதனைக் காலத்திலும் எண்ணினார்கள். சைக்கிளில் செல்வோர் 49 சதவீதம் பெருகினர். கடைகளுக்கு வருவோரும் அவர்கள் செலவிடும் தொகையும் குறையவில்லை, கூடின. காரில் செல்வோருக்குச் சில நிமிடங்கள் தாமதமானதையும் மறைக்காமல் எழுதினர். 2017 நவம்பரில் 36க்கு 6 என்ற வாக்கில் தடம் நிலையானது.

ஒரு ஞாயிறன்று தமிழ்க் குடும்பமொன்று நம்மை விருந்துக்கு அழைத்துச் சென்றது. வழியில் மருந்துக்கடையில் இறங்கவேண்டியிருந்தது. "சாமி, நாலு சுற்று சுற்றியாயிற்று. சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்ததில் பாதியாவது நமக்கு விட்டிருக்கலாம்" என்று அலுத்துக்கொண்டார் குடும்பத் தலைவர். புளோர் தெருவின் பின்புறத்தில், நிலத்தடி இரயில் சுரங்கத்தின் மேலேயே நகராட்சியின் கார் நிறுத்தங்கள் பல உள்ளன. அங்கே நிறுத்தினால் ஐந்து நிமிட நடை. அவருக்கு அது பொருட்டன்று. ஆனால் பின் இருக்கையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருந்த அவருடைய தாயாருக்கு அது பெரும்பயணம். சைக்கிள் தடத்தை ஆதரிப்போர் இத்தகையோரைப் பற்றி அதிகம் பேசக் காணோம்.

நாம் ஊர் திரும்பிய பின்னும் அத்தெருவைப் பற்றிய செய்திகளைக் கவனித்து வந்தோம். 2024 ஜூலையில் அதே தெருவில் ஒரு கட்டிட வேலைக்காகக் கழிவு கொட்டும் இரும்புத் தொட்டியைச் சைக்கிள் தடத்தின் மீதே வைத்திருந்தனர். சைக்கிளில் வந்த இளம்பெண் ஒருவர் அதைச் சுற்றிச் செல்ல ஓடும் வண்டிகளின் பாதைக்குள் நுழைந்தார். லாரியில் அடிபட்டு இறந்தார். தடத்தை மறிப்பது என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க இயலாது. "ஒரு நிமிடம்தானே" என்று தடத்தில் காரை நிறுத்துகிறவரும் அந்த ஒரு நிமிடத்திற்கு அத்தொட்டியின் வேலையையே செய்கிறார்.

அதே ஆண்டு நவம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு, நெரிசலைக் குறைப்பதாகக் கூறி, புளோர் உள்ளிட்ட மூன்று தெருக்களின் தடங்களை அகற்றச் சட்டம் இயற்றிற்று. 2025 ஜூலையில் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தீர்த்தது. சைக்கிள் தடம் பெறுவது ஒருவரது உரிமை என்று நீதிபதி சொல்லவில்லை. இருக்கும் பாதுகாப்பை அகற்றினால் மக்கள் காயமுறுவர், இறப்பர். நெரிசல் குறையும் என்பதற்கோ சான்றில்லை. ஆகவே அது உயிருக்கும் உடலுக்கும் சாசனம் அளிக்கும் காப்புக்கு முரண் என்றார். மேல்முறையீடு செய்யப்போவதாக அரசு அறிவித்தது.

தீர்ப்பு வந்த வாரத்தில் அந்த நண்பர் தொலைபேசியில் பேசினார். தாயாரின் முழங்கால் முன்னிலும் மோசம் என்றார். சாலையோரத்தில் எஞ்சியிருக்கும் இடங்களுள் கடைவாசலுக்கு அருகிலுள்ளவற்றை நடக்க இயலாதோருக்கும் சரக்கு இறக்குவோருக்கும் ஒதுக்கிவிட்டு, கால் நலமுள்ளோரைப் பின்தெருவுக்கு அனுப்ப வேண்டுமென்பது நமது கருத்து என்றோம்.

"அப்படியானால் அம்மா வராத நாளில் நான் பின்தெருவுக்குத்தானே சாமி போகவேண்டும்?" என்று கேட்டார்.

ஆம் என்றோம்.