கல்லூரி மெயிலைக் கையோடு எடுத்துட்டுப் போங்க!

தண்டலம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற இறுதியாண்டு நண்பர்களே, கல்லூரி கொடுத்த மெயில் முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். ப்ராஜெக்ட் கோப்புகள், ஒரகடம் கம்பெனி அனுப்பிய இன்டர்ன்ஷிப் கடிதம் எல்லாம் அதோடு போய்விடும்.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட். இலவசம், ஓப்பன் சோர்ஸ். முதல் பதிப்பு 1.0 வந்தது 2004 டிசம்பரில். 2012-ல் மொசில்லா இதில் ஆர்வத்தைக் குறைத்துக்கொண்டபோதும், தன்னார்வலர்கள் விடவில்லை. 2005-ல் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் சிடியில் 'கொலம்பா' என்ற மெயில் மென்பொருள் தமிழிலேயே வந்தது. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனால் வளர்க்க ஆளில்லாமல் நின்றுபோனது.

ஆக, மென்பொருளை நம்புவதைவிட மெயிலை நம் கையில் வைத்துக்கொள்வதுதான் முக்கியம். தண்டர்பேர்டில் கணக்கை ஐமேப் முறையில் சேர்த்தால் மட்டும் போதாது. சர்வரில் அழிந்தால் இங்கேயும் அழிந்துவிடும். வேண்டியதையெல்லாம் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' உள்ளே காப்பி செய்யுங்கள். அவை எம்பாக்ஸ் என்ற பொதுவான வடிவில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கப்படும். நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும், வேறு மென்பொருளில் திறக்கலாம்.

பென்டிரைவில் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்வெல்லுக்கு முன்னாடியே செய்துவிடுங்கள், சரியா?