எம்டி கப்பல் எம்டி இல்லை!

வடசென்னைன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கானா, கேரம் போர்டு, பாக்ஸிங், காசிமேட்டு வஞ்சிரம்... அவ்வளவுதானே? அந்த லிஸ்ட்டில் இன்னும் ஒண்ணைச் சேர்த்துக்கங்க பாஸ். காலிக் கப்பல்!

ராயபுரத்தில் ஆரம்பித்து, காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் வரைக்கும் கடலோர ரோட்டில் வடக்கே போய்ப் பாருங்க. இடது பக்கம் வீடுகளும் கம்பெனி மதில்களும். ரோட்டில் அனுமார் வால் மாதிரி கண்டெய்னர் லாரிகள். வலது பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டி வைத்த கருங்கல், அதற்கு அப்பால் கடல். கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள். துறைமுகத்துக்குள் இடம் கிடைப்பதற்காக, ஹாஸ்டல் மெஸ் க்யூ மாதிரி, வெயிட்டிங்!

லாரி டிரைவர் அண்ணன்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் காதில் விழுகிற வார்த்தை 'எம்டி'. பெட்டிக்குள் சரக்கு இருந்தால் 'லோடு', இல்லாவிட்டால் 'எம்டி'. (1914-ல் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் வேற, இது வேற. கன்ஃபியூஸ் ஆகாதீங்க!) கடலில் நிற்கிற கப்பலைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்கலாம். லோடா, எம்டியா? கரையில் நின்றபடியே பதிலும் சொல்லிவிடலாம்.

எப்படின்னு கேக்கறீங்களா? கப்பலின் அடிவயிற்றில் பெரும்பாலும் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அந்தப் பெயின்ட். லோடு ஏறிய கப்பல் முக்கால்வாசி தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும், சிவப்பு கண்ணில் படாது. எம்டி கப்பல் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிய மாதிரி சிவப்புப் பட்டை அகலமாக மேலே தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் வரிசையாக எண்கள் எழுதியிருக்கும். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ, கப்பல் அவ்வளவு ஆழத்துக்கு மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கூல் புத்தகத்தில் படித்து, பரீட்சையோடு மறந்த ஆர்க்கிமிடிஸ் இங்கே இலவசமாக டெமோ காட்டுகிறார்.

உள்ளே எப்படி இருக்கும்?

ராயபுரத்தில் என் ஃப்ரெண்டோட சித்தப்பா ஒருத்தர் இருக்கார். சரக்குக் கப்பலில் சாரங்காக இருந்து ரிட்டயர் ஆனவர். டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி மாதிரி. "எம்டி கப்பல்ல போறது எப்படிண்ணே இருக்கும்? ஜாலியா இருக்குமா?"ன்னு கேட்டேன். சிரித்துவிட்டு, "லோடு இருந்தா கப்பல் யானை மாதிரி நடக்கும் தம்பி. எம்டின்னா கட்டிப் போட்ட கன்னுக்குட்டி!" என்றார்.

நிலக்கரி ஏற்றும் ஒரு நடுத்தரக் கப்பலின் நீளம் 200 மீட்டருக்கு மேல். ரெண்டு ஃபுட்பால் கிரவுண்டை வரிசையாக வைத்த மாதிரி. அதில் ஆட்கள் எத்தனை? 20, 25 பேர்தான். செமஸ்டர் லீவில் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, ஹாஸ்டலில் நீங்க மட்டும் மாட்டிக்கிட்டிருக்கீங்களா? காரிடாரில் உங்க செருப்புச் சத்தமே உங்களைத் துரத்துமே, அதேதான். சரக்கு வைக்கும் கிடங்குகள் ஒவ்வொன்றும் சினிமா தியேட்டர் அளவுக்கு இருக்கும். காலியாக இருந்தால் ஒரு சுத்தியல் விழுந்தாலும் எதிரொலி கேட்கும்.

ஆனால் ஓய்வு கிடையாது. எம்டி பயணத்தில்தான் கிடங்கைக் கழுவுகிற வேலை. போன தடவை ஏற்றிய நிலக்கரித் தூளைப் பெருக்கி, கடல் தண்ணியைப் பீய்ச்சி அடித்து, அடுத்த சரக்குக்குத் தயாராக்கணும். கப்பல் உயரமாக மிதப்பதால் காத்து பிடித்துத் தள்ளும். அலை பெரிசாக இருந்தால் மூக்குப் பகுதி தண்ணியை விட்டு வெளியே வந்து, 'டொம்'மென்று மறுபடி விழும். பின்னால் ப்ரொப்பெல்லர் பாதி வெளியே வந்தால் எஞ்சினே உறுமும். அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்க முடியாது என்றார் சித்தப்பா.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. காலி பிளாஸ்டிக் பாட்டிலை மூடி, பக்கெட் தண்ணியில் போடுங்க. படுத்துக்கும். கொஞ்சம் தண்ணி ஊற்றிப் போடுங்க. நிமிரப் பார்க்கும். கப்பலுக்கும் அதே டெக்னிக்தான். அந்தக் காலத்தில் கல்லும் மண்ணும் ஏற்றினார்கள். இப்போது அடியிலும் பக்கங்களிலும் இருக்கும் தொட்டிகளில் கடல் தண்ணியை ஏற்றிக்கொள்கிறார்கள். இதற்குப் பேர் பாலாஸ்ட். பெரிய கப்பல் என்றால் ஆயிரக்கணக்கான டன் தண்ணி!

ஆக, சரக்கு இல்லாத கப்பல் உண்டு. சுமை இல்லாத கப்பல் கிடையாது. இந்த விஷயத்தை மனசில் வச்சுக்கங்க. எண்ணூர் போனதும் தேவைப்படும்.

ஆள் இல்லாத பயணிகள் கப்பல்

"நமக்கெல்லாம் சரக்குக் கப்பல்ல யார் டிக்கெட் தருவா? பயணிகள் கப்பல் கதையைச் சொல்லு"ன்னு நீங்க கேட்பது புரியுது. ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் ஒரு காலத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஜனம் கிளம்பியது. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பலில், டெக்கில் பாய் விரித்துப் போகிறவர்கள் மட்டும் 5,000 பேர் வரை ஏறலாம். அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்து, 30-க்கும் மேற்பட்ட பயணிகள் இறந்துபோனார்கள். சென்னை-சிங்கப்பூர் பயணிகள் கப்பல் கதை அதோடு முடிந்தது.

அப்போதெல்லாம் கப்பலில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பிறகு நிலைமை தலைகீழ். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பலை விட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை. அந்த வருஷம் நவம்பரிலேயே நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' கிளம்பியது. 150 சீட். முதல் நாளே ஏறியவர்கள் 50 பேர்தான். ஒரே வாரத்தில், மழைக்காலம் வருகிறது என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது.

காலிக் கப்பலில் போனால் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை இல்லை, கேன்டீனில் க்யூ இல்லை, டெக் முழுக்க நம்ம ராஜ்ஜியம். கேட்கவே செமையா இருக்கு இல்லையா? ஆனால் ஓட்டுகிறவர்கள் பக்கம் நின்று கணக்குப் போடுங்க. பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு 80 கிலோ என்றால் 100 பேர் வெறும் 8 டன். பல ஆயிரம் டன் எடை உள்ள கப்பலுக்கு அது கொசு உட்கார்ந்த மாதிரி. நூறு பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் டீசல் செலவு கிட்டத்தட்ட அதேதான். மாலுமிச் சம்பளமும் துறைமுகக் கட்டணமும்கூட அப்படியேதான். ஏறாத ஒவ்வொரு பயணிக்கும் யாரோ ஒருத்தர் காசு கட்டிக்கொண்டே இருக்கணும். அவர் கை ஓய்ந்த அன்றைக்குக் கப்பல் நின்றுவிடும்.

பயணிகள் கப்பலில் அந்தக் காசைக் கட்டுகிறவர் யார் என்று தெரியும். சரக்குக் கப்பலில்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீங்க எண்ணூர் போகணும்.

நிறைய வரும், காலியாகப் போகும்

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் காமராஜர் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே கட்டி, 2001-ல் திறந்த துறைமுகம். ஒடிசா சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் வந்து, அங்கிருந்து ரெண்டு நாள் கடலில் பயணம் செய்து இங்கே இறங்கும். துறைமுகத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போகும். கப்பல் எம்டியாக, பாலாஸ்ட் தண்ணியை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பும். நிலக்கரி கரண்ட்டாக மாறி உங்க ஹாஸ்டல் ஃபேனைச் சுற்ற வைக்கும். சாம்பல்? அது மட்டும் எங்கேயும் போகாது. எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த இடங்களைக் கேட்டால் ஊர்க்காரர்களே காட்டுவார்கள்.

2017 ஜனவரி 28 விடிகாலை ஞாபகம் இருக்கா? எரிவாயுவை இறக்கிவிட்டு எம்டியாக வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்' கப்பலும், எண்ணெய் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் இந்தத் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. போகிற எம்டிக்கும் வருகிற லோடுக்கும் நடுவில் நசுங்கியது நம்ம கடற்கரை. முதலில் 'பெரிசா ஒண்ணும் கசியலை' என்றார்கள். பின்னால் கணக்கு 100 டன்னைத் தாண்டிப் போனது. எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், மெரினா என்று தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியது. அதை வாளியில் மொண்டு எடுத்தவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். காலேஜ் பசங்களும் இருந்தார்கள். நம்ம சீனியர்கள்!

விபத்து நடந்தால் டி.வி.யில் வரும். விபத்தே நடக்காமல், சத்தம் போடாமல் எம்டி கப்பல் இறக்கிவைப்பது வேறொன்று. பாலாஸ்ட்டைப் பற்றி மனசில் வைக்கச் சொன்னேனே, அதுதான். எங்கேயோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் கடல் தண்ணியை உறிஞ்சும்போது, அந்தத் தண்ணியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் சேர்ந்து ஏறிக்கொள்கின்றன. டிக்கெட் இல்லாத பயணிகள்! சரக்கு ஏற்ற இங்கே வந்ததும் தண்ணியை வெளியே விடுவார்கள். பயணிகளும் இறங்கிவிடுவார்கள்.

எண்ணூர் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று ஒரு கறுப்புச் சிப்பியைத் திட்டுவதைக் கேட்பீர்கள். அதன் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. கேரளாவின் காயல்களிலும் பரவியிருக்கிறது. கப்பலோடு வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் பாலாஸ்ட் தண்ணி வழியாக என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காடு பக்கமும் ஆற்றடி முழுக்கக் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. இறால் புதைந்து வாழ்வதற்குச் சேறு வேண்டும். சேற்றை இது மூடிவிட்டால் இறால் எங்கே போகும்? ஆற்றில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. இருளர்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. இப்போது கை வைத்தால் இறாலுக்குப் பதில் சிப்பி விளிம்பு கிழிக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கப்பலில் ஏறாத ஒரு அக்கா, எங்கிருந்தோ வந்த ஒரு கப்பலின் பயணச் செலவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்குத் தீர்வே இல்லையான்னா, இருக்கு. பாலாஸ்ட் தண்ணியைச் சுத்தம் செய்துதான் வெளியே விடணும் என்று 2004-லேயே உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அது அமலுக்கு வர 2017 செப்டம்பர் ஆனது. வடிகட்டியோ, புற ஊதாக் கதிர் அடித்தோ, தண்ணியில் இருக்கும் உயிர்களைக் கப்பலிலேயே அழிக்கும் கருவிகள் வந்துவிட்டன. இனி வருவதைத் தடுக்க அவை உதவும். ஏற்கெனவே வந்து குடியேறிய காக்கா ஆழியை என்ன செய்வது? அதற்குத்தான் இன்னும் சரியான விடை இல்லை. ஆற்றுக்குக் கெடுதல் வராமல் அதை அள்ளணும். அள்ளியதை எதற்காவது பயன்படுத்தணும். மெக்கானிக்கல், சிவில், பயோடெக் என்று எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் சரி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி சீனியரோட பழைய சி.டி.யைத் தேய்க்கிறதுக்குப் பதிலா, இதை யோசிக்கலாமே பாஸ்!

போறதுன்னா இப்படிப் போங்க

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் கப்பல் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் போனால் எண்ணூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து முகத்துவாரம் போகலாம். சாயங்கால வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து கடல் மேல் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் கப்பலின் சிவப்புப் பட்டை பளிச்சென்று தெரியும். துறைமுக வேலி பக்கம் கேமராவைத் தூக்காதீங்க, செக்யூரிட்டி அண்ணன்கள் கோபப்படுவாங்க. அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் உட்கார்ந்து பேசுங்க. எந்தக் கப்பல் லோடு, எது எம்டி, எது எத்தனை நாளா நிக்குதுன்னு பார்த்த உடனே சொல்லுவாங்க. ஆத்துல இப்போ என்ன கிடைக்குது, என்ன கிடைக்கலைன்னும் மறக்காம கேளுங்க.