நீலகிரியில் டிரவுட் – 1: அல்சூரில் போட்ட திட்டம்

பெங்களூரின் தூண்டில் பைத்தியங்களுக்கு ஒரு தீராத வயிற்றெரிச்சல் உண்டு. உலகமே பேசிய மீன் நூறு கிலோமீட்டர் தள்ளி காவிரியில் நீந்துகிறது, ஆனால் தொடக்கூடாது. 1946இல் காவிரியின் கிளையான கபினி ஆற்றில் மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்வதில் பெயர் வாங்கிய குடும்பம் அது. காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி முகாமுக்கு இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வந்து தூண்டில் போட்ட காலமும் இருந்தது. இப்போது அந்த ஆற்றோரம் காவிரி வனவிலங்கு சரணாலயம். அங்கே தூண்டில் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. திமில் வைத்த அந்த மஹ்சீருக்கு டார் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானது 2018இல். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அது ஏறிவிட்டது.

"சொந்த ஊர்க்காரனைத் தொடக்கூடாதுன்னா, வந்தேறியைப் பிடிப்போம்" என்றார் அல்சூர் சார். எங்கள் மூவர் அணியில் மூத்தவர், தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். ஒயிட்ஃபீல்டு ஐ.டி.க்காரன் உடனே காலண்டரைத் திறந்துவிட்டான்.

வந்தேறி என்று அவர் சொன்னது ரெயின்போ டிரவுட்டை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் பிறந்த மீன் அது. நீலகிரியில் டிரவுட் விடும் ஆசை 1863லேயே ஃபிரான்சிஸ் டேக்கு வந்தது. ராணுவ மருத்துவரான அவர் பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர். அன்று அவர் முயற்சி பலிக்கவில்லை. மலையேறிய வெள்ளைக்காரர்களுக்கு ஊட்டியில் கேரட், முட்டைக்கோஸ், ரோஜா எல்லாம் கிடைத்துவிட்டது, தூண்டிலுக்கு மட்டும் தங்கள் ஊர் மீன் இல்லை. கடைசியில் எச். சி. வில்சன் என்பவரின் காலத்தில்தான் காரியம் நடந்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல திசைகளிலிருந்து முட்டைகள் வந்து சேர்ந்தன.

டிரவுட் பொரிப்பகத்தில் நடக்கும் வேலையைக் கிட்டப் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் சினை முற்றிய பெண் மீனை ஈரத் துணியில் பிடித்து, வயிற்றைக் கட்டைவிரலால் வால் பக்கமாக மெல்ல வழிப்பார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஆரஞ்சு முட்டைகள் பேசினில் சரசரவென்று விழும். அதன்மேல் ஆண் மீனின் விந்தை விட்டு, இறகால் கலக்கிய பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். முதலிலேயே தண்ணீர் பட்டால் கருக்கூடும் முட்டை குறைந்துவிடும். 10 டிகிரி குளிரில் குஞ்சு வர ஏறக்குறைய ஒரு மாதம்.

எங்கள் திட்டத்துக்கே அடிப்படை இந்த டிகிரிக் கணக்குதான். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் திணறும், ஏனென்றால் சூடு ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறையும். ஆகவே நீலகிரியின் மேற்கு ஓரத்து உயரங்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அங்கேயும் முக்குருத்தி பக்கம் போக முடியாது. வரையாட்டுக்காக ஒதுக்கிய தேசியப் பூங்காவில் ராடைத் தூக்கிக்கொண்டு நுழைவது சட்டப்படி குற்றம். மிச்சம் அவலாஞ்சி, எமரால்டு வட்டாரம். மீனுக்கு மீன்வளத் துறையும் காட்டுக்கு வனத்துறையும் தலையசைக்க வேண்டும். இரண்டு கடிதங்களையும் சார் தன் கையெழுத்திலேயே எழுதினார். மின்னஞ்சல் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி.

மாதம் எது? பனிக்காலம் முட்டையிடும் பருவம், அதைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஜூனில் தென்மேற்கு மழை இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் தூண்டில் என்ன, ஆளே மிஞ்சமாட்டான். ஏப்ரல், மே என்றால் ஊட்டிக்கே கூட்டம். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு வேண்டும். 2025 கோடையில் வெளியூர் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே போட்டது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மார்ச்.

சாலைக்கும் ஒரு கணக்கு உண்டு. பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். கதவு திறக்கும்போது அங்கே இருக்க வேண்டுமானால் நடுராத்திரி இரண்டரைக்காவது பெங்களூரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வழியிலுள்ள மத்தூரில் வடை கிடைக்காது. ஐ.டி.க்காரன் இதற்காகவே திட்டத்தை மாற்றச் சொன்னான்.

சாமான்களில் சண்டை வந்தது ஃபிளை விஷயத்தில். முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் கட்டுவதுதான் ஃபிளை. நீலகிரிக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல் வெளிர்ப் பொட்டுகள் மின்னும். பிரிட்டிஷ் தூண்டில்காரர்கள் அந்த இறகுக்குப் பேயாய் அலைந்தார்கள். கடல் தாண்டி இங்கே மீன் வந்தது, இங்கிருந்து கடல் தாண்டி இறகு போனது. காட்டுக்கோழி இப்போது பாதுகாக்கப்பட்ட பறவை, அதன் இறகு ஏற்றுமதிக்கும் எப்போதோ தடை விழுந்துவிட்டது. சார் வீட்டுக் கோழியின் இறகில் நான்கு ஃபிளை கட்டினார். நான் மண்புழு போதும் என்றேன்.

"டிரவுட்டுக்கு மண்புழு போடறவன் என் கார்ல ஏறக்கூடாது" என்றார்.

காரோ என்னுடையது. மீன்வளத் துறையின் பதில் வந்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)