வாக்களிக்காத 205 பேர்

2019 நவம்பர் 13. மேரிலாந்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில், காலை வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் கூடிவிட்டோம். அதிபர் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையின் முதல் திறந்த அமர்வு. தூதரக அதிகாரி வில்லியம் டெய்லரும் வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் கென்ட்டும் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். கீவ் நகர உணவகம் ஒன்றில் தூதர் சாண்ட்லண்டுடன் டிரம்ப் தொலைபேசியில் பேசியதைத் தன் ஊழியர் ஒருவர் காதாரக் கேட்டதாக டெய்லர் அன்றுதான் வெளியே சொன்னார். அந்த ஊழியர் டேவிட் ஹோம்ஸ், எட்டாம் நாள் தானே கேமராக்கள் முன் வந்து உட்கார்ந்தார்.

அதற்கு முந்தைய வாரங்களில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், பூட்டிய அறைக்குள்தான் சாட்சியம் எடுத்தார்கள். அது எனக்குத் தவறாகப் படவில்லை. ஒரு சாட்சி சொன்னதைக் கேட்டு அடுத்தவர் தன் கதையைச் சரிசெய்துகொள்ளக் கூடாது. ஆனால் அக்டோபர் 31-ல், 232-க்கு 196 என்று வாக்கெடுத்துக் கதவைத் திறக்கவும் முடிவு செய்தார்கள். நவம்பர் 4 முதல் அந்தப் பூட்டிய அறை வாக்குமூலங்களும் வெளிவரத் தொடங்கின. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு உட்கார்ந்து படிப்பேன். கேள்வி, பதில், வழக்கறிஞர் குறுக்கிட்ட இடம் எல்லாம் வரிவரியாக இருந்தன. வெளியிடக் கூடாத சில இடங்களில் மட்டும் கறுப்புப் பட்டை.

செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா அந்த வாரம் போனில் கேட்டார்: “ஏய்யா, சாட்சி சொல்றதையே டிவியில காட்டுறாங்களாமே? நம்ம ராமசாமி கேசுல அப்படி யாரும் நமக்குக் காட்டலையே.”

அவர் கேட்டது நியாயம். நீதிபதி வி. ராமசாமி, எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பதவிநீக்கத் தீர்மானம் மக்களவை வாக்கெடுப்பு வரை போனது இந்தியாவில் முதலில் அவர் விஷயத்தில்தான். பஞ்சாப் - அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்கு வாங்கிய தட்டுமுட்டுச் சாமான்கள் முதலான செலவுகள் பற்றிய குற்றச்சாட்டுகள். 1991-ல் 108 உறுப்பினர்கள் கையெழுத்திட, சபாநாயகர் ரபி ராய் நீதிபதி பி.பி. சாவந்த் உட்பட மூவர் குழுவை அமைத்தார். ராமசாமி விசாரணையில் பங்கேற்க மறுத்தார். 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகக் குழு சொன்னது. அந்த முடிவுக்கு வழிவகுத்த சாட்சியங்களை எங்கள் ஊர் கேட்கவில்லை.

ஊருக்குத் தெரிந்ததெல்லாம் 1993 மே 10, 11 தேதிகளில் மக்களவையில் நடந்ததுதான். சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ராமசாமிக்காகக் கபில் சிபல் மணிக்கணக்கில் வாதாடினார். ஆதரவாக 196 வாக்குகள். எதிராக ஒன்றுகூட இல்லை. காங்கிரசும் கூட்டணிக் கட்சிகளுமாக 205 பேர் அவையில் இருந்தபடியே வாக்களிக்காமல் விட்டார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது விதி, தீர்மானம் தோற்றது. சாட்சியங்களை நாடே நேரில் கேட்டிருந்தால் அந்த 205 பேரும் அவ்வளவு எளிதாக உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ராமசாமிக்கும் அதுதான் நல்லது. அவர் பக்கம் நியாயம் இருந்திருந்தால் அதுவும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

இலங்கையில் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்க திறந்த விசாரணை வேண்டும் என்றே கேட்டார். கிடைக்கவில்லை. 2012 டிசம்பர் 6-ல் தன்னை விசாரித்த நாடாளுமன்றத் தெரிவுக்குழுவை விட்டு வெளியேறினார். அடுத்த மாதம் 155-க்கு 49 என்று நாடாளுமன்றம் அவரை நீக்க வாக்களித்தது. குற்றம் சாட்டப்பட்டவரே கதவைத் திறக்கச் சொல்லும்போது அதைப் பூட்டி வைக்க எந்தக் காரணமும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இன்றும் 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம்தான். குழுவின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது. ஆனால் நடுவில் நீதிபதி ராஜினாமா செய்துவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுபோகிறது. 2011-ல் நீதிபதி பி.டி. தினகரன் விஷயத்தில் அதுதான் நடந்தது. குற்றச்சாட்டு சரியா, தவறா என்று அவருக்கும் தீர்ப்பில்லை, மக்களுக்கும் பதிலில்லை. ராஜினாமா வந்தாலும் வராவிட்டாலும், அதுவரை பதிவான சாட்சியம் முழுவதும் குறித்த நாளில் வெளிவர வேண்டும். தமிழிலும் வர வேண்டும், பெரியப்பா தோப்பில் உட்கார்ந்து படிக்கிற மாதிரி.